மைனராக வரும் தகவலியல்

மைனர் என்ற சொல்லுக்குத் தமிழில் நல்ல பெயர் கிடையாது. கழுத்தில் சங்கிலி, தோளில் ஜரிகை அங்கவஸ்திரம், அப்பா சேர்த்துவைத்த நிலம் இவற்றோடு ஊரைச் சுற்றி வரும் ஆசாமி என்றுதான் பழைய திரைப்படங்கள் சொல்லிக்கொடுத்திருக்கின்றன. கல்லூரிக்குள் நுழைந்திருக்கும் மைனருக்கும் ஏறக்குறைய அதே மரியாதைதான். மேஜர் பாடத்தைத் தேர்ந்தெடுக்க குடும்பமே கூடி உட்கார்ந்து விவாதிக்கிறது. மைனரைக் கல்லூரி அலுவலக ஜன்னலில் நின்றபடி, முன்னால் நிற்கும் நண்பன் எதை எழுதினானோ அதையே எழுதிக் கொடுத்துவிட்டு வருகிறார்கள்.

இத்தனை அலட்சியம் கூடாது. பல்கலைக்கழக மானியக் குழு 2022 டிசம்பரில் வெளியிட்ட இளநிலைப் பாடத்திட்டக் கட்டமைப்பின்படி, மூன்றாண்டுப் பட்டத்துக்கு 120 கிரெடிட் வேண்டும். அதில் 24 மைனருக்கு. நான்காண்டுப் பட்டமானால் 160இல் 32. ஒரு கிரெடிட்டுக்கு 15 மணி நேர வகுப்பு என்று கணக்கிட்டால் 24 கிரெடிட் என்பது 360 மணி நேரம். செய்முறை வகுப்புகள் சேர்ந்தால் இன்னும் கூடும். அவ்வளவு நேரத்தில் ஓர் இளைஞர் ஒரு புதிய மொழியை ஓரளவு கற்றுக்கொண்டுவிடலாம். தமிழ்நாடு தேசியக் கல்விக் கொள்கையை ஏற்கவில்லை. ஆனால் அங்கும் துணைப்பாடம் புதிய விஷயமல்ல. கணிதம் படிப்பவர் இயற்பியலையும் தமிழ் படிப்பவர் வரலாற்றையும் 'அல்லைட்' என்ற பெயரில் பல பத்தாண்டுகளாகப் படித்துவருகிறார்கள்.

மைனர் பட்டியலில் இங்கொன்றும் அங்கொன்றுமாகத் தலைகாட்டும் ஒரு பாடம் தகவலியல். நூலக அறிவியல் என்று பெயர் வாங்கி, பிறகு நூலக, தகவல் அறிவியல் என்று நீண்டு, சில இடங்களில் வெறும் தகவல் அறிவியலாகச் சுருங்கிய அதே பாடம்தான். பெயரைக் கேட்டதும் எல்லோரும் தப்பாகவே புரிந்துகொள்கிறார்கள். மகள் தகவலியல் படிக்கிறாள் என்றால் உறவினர்கள் தகவல் தொழில்நுட்பம் என்று எடுத்துக்கொண்டு, எந்தக் கம்பெனியில் வேலை கிடைக்கும் என்று விசாரிக்கிறார்கள். நூலகம் சம்பந்தப்பட்டது என்று விளக்கினால், புத்தகத்துக்கு முத்திரை குத்தும் வேலைக்கு ஒரு படிப்பா என்று முகம் சுளிக்கிறார்கள். உண்மையில் இந்தப் பாடத்தின் கேள்வி ஒன்றுதான்: யாரோ எப்போதோ எழுதிவைத்த ஒன்றை, அது தேவைப்படும் இன்னொருவர் எப்படிக் கண்டெடுப்பது? இதற்குள் வகைப்படுத்துவது, அட்டவணையிடுவது, பெயர்களை ஒழுங்கு செய்வது, ஆவணங்களைப் பாதுகாப்பது, கிடைத்ததை நம்பலாமா என்று சோதிப்பது எல்லாம் அடக்கம்.

இந்தியாவில் இது எப்போதுமே பட்டத்துக்குப் பிறகு வரும் படிப்பாகத்தான் பழகியிருக்கிறது. பரோடா மகாராஜா சயாஜிராவ் கெய்க்வாட் அமெரிக்காவிலிருந்து வில்லியம் போர்டன் என்பவரை வரவழைத்து 1911இல் நூலகப் பயிற்சி வகுப்பு தொடங்கினார். 1915இல் லாகூரில் பஞ்சாப் பல்கலைக்கழகம் இன்னோர் அமெரிக்கரான ஆசா டான் டிக்கின்சனைக் கொண்டுவந்தது. 1929இல் சென்னையில் ரங்கநாதன் கோடைப் பள்ளியை நடத்தினார். 1940களின் இறுதியில் தில்லிப் பல்கலைக்கழகத்தில் தனித்துறை வந்தது. அதன் பிறகு நாடெங்கும் பரவிய ஏற்பாடு ஒரே அச்சில் வார்த்தது: ஏதாவது ஒரு பட்டம், அதன்மேல் ஓராண்டு நூலகப் பட்டம்.

அந்த 'ஏதாவது ஒரு பட்டம்' என்பதில்தான் கோளாறு. மூன்று வருஷம் தாவரவியல் படித்தவர் நூலகப் பட்டத்துக்குள் நுழைந்ததும் தாவரவியலை வாசலில் கழற்றி வைத்துவிடுகிறார். அவரைத் தாவரவியல் தெரிந்தவர் என்று அதன் பிறகு யாரும் நினைப்பதில்லை, கொஞ்ச நாளில் அவரும் நினைப்பதில்லை. மறுபக்கம், தாவரவியலிலேயே தொடர்ந்தவருக்கு, தன் துறையில் ஏற்கெனவே என்ன எழுதப்பட்டிருக்கிறது என்று முறையாகத் தேடக்கூடத் தெரியாது. இரண்டு அறிவும் ஒரே தலைக்குள் ஒரே சமயத்தில் இருப்பதற்கு வழி இல்லாமல் போயிற்று.

இத்தனைக்கும் இந்தத் துறையின் மூலவரே இரண்டும் கொண்டவர். சீர்காழியில் 1892இல் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் கணித ஆசிரியர். 1924இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகராக நியமிக்கப்பட்டவர், ஒரு வாரத்திலேயே தனிமை தாங்காமல் மாநிலக் கல்லூரிக்கு ஓடி, பழைய ஆசிரியர் வேலையையே திருப்பித் தரும்படி கேட்டார். லண்டன் போய் ஒருமுறை பார்த்துவிட்டு வா, பிறகு பேசலாம் என்று சமாதானப்படுத்தி அனுப்பினார்கள். அங்கே ஒரு கடையில் மெக்கானோ பொம்மையைப் பார்த்தார். சில துண்டுகளையும் திருகாணிகளையும் வைத்துக்கொண்டு எத்தனையோ பொருள்களைச் செய்யலாம் என்பது கணக்கு வாத்தியாருக்குச் சட்டெனப் பிடிபட்டது. ஒவ்வொரு நூலுக்கும் முன்கூட்டியே ஓர் அறை கட்டிவைக்காமல், பொருள், பண்டம், செயல், இடம், காலம் போன்ற கூறுகளைக் கோத்து அதன் இடத்தை அமைக்கும் கோலன் பகுப்பு முறை 1933இல் நூலாக வந்தது. கணிதம் இல்லாத ரங்கநாதன் சென்னையில் இன்னொரு நல்ல நூலகராக இருந்திருப்பார். அதற்குமேல் சொல்ல முடியாது.

இரண்டு அறிவும் சேர்ந்தால் என்ன நடக்கும் என்பதற்கு மஞ்சளைவிட நல்ல உதாரணம் இல்லை. 1995 மார்ச்சில் அமெரிக்காவின் மிசிசிப்பிப் பல்கலைக்கழக மருத்துவ மையத்துக்கு, காயத்தை ஆற்ற மஞ்சளைப் பயன்படுத்துவதற்கான காப்புரிமை வழங்கப்பட்டது. இந்தியப் பத்திரிகைகள் கொதித்தன. பாட்டிகள் காலங்காலமாகச் செய்ததற்கு அமெரிக்காவில் பட்டயமா என்றார்கள். கோபம் நியாயம்தான், ஆனால் காப்புரிமை அலுவலகத்தில் பாட்டி செல்லுபடியாக மாட்டார். அங்கே கேட்பது ஒன்று: முன்பே எழுதப்பட்டிருக்கிறதா, எங்கே, எந்தப் பக்கத்தில்? அறிவியல், தொழில் ஆராய்ச்சிக் கவுன்சில் 32 எழுத்துச் சான்றுகளைத் தேடிச் சேர்த்தது. சம்ஸ்கிருதம், உருது, இந்தி நூல்களிலிருந்து, சில நூறாண்டு பழையவை. 1953இல் இந்திய மருத்துவச் சங்கத்தின் சஞ்சிகையில் வந்த கட்டுரையும் அவற்றில் ஒன்று. 1997இல் காப்புரிமை ரத்தானது.

வென்றாயிற்று. ஆனால் ஒவ்வொரு முறையும் யாராவது காப்புரிமை வாங்கிய பிறகு ஓலையையும் ஏட்டையும் புரட்டிக்கொண்டு ஓடுவது எத்தனை நாளைக்கு? வேம்புக்கு ஐரோப்பாவில் கொடுத்த காப்புரிமையை ரத்து செய்யப் பல வருஷம் பிடித்தது. 2001இல் தொடங்கிய பாரம்பரிய அறிவு மின்நூலகம் இதற்கு வேறு வழி கண்டது. ஆயுர்வேதம், யூனானி, சித்தம், யோகம் ஆகியவற்றின் நூல்களிலிருந்து மருந்து முறைகளை ஒவ்வொன்றாக எடுத்து, ஆங்கிலம், பிரெஞ்சு, ஜெர்மன், ஸ்பானிஷ், ஜப்பானியம் என்ற ஐந்து மொழிகளில் காப்புரிமைப் பரிசோதகர் தேடக்கூடிய வடிவில் வைத்தார்கள். இன்று நான்கு லட்சத்துக்கும் மேற்பட்ட முறைகள் அதில் இருக்கின்றன. ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகம் 2009 முதல் அதைத் தேடிப் பார்க்க ஒப்பந்தம் செய்துகொண்டது.

இந்த வேலையில் கம்ப்யூட்டர் பங்கு சின்னது. சிரமமெல்லாம் வகைப்படுத்துவதில். சர்வதேசக் காப்புரிமைப் பகுப்பில் மூலிகை மருந்துகளுக்கு இருந்தது ஒரு சிறிய மூலைதான். உலகத்தின் இலை, வேர், பட்டை எல்லாம் அதற்குள் அடைந்துகிடந்தன. அதில் தேடுவது வைக்கோற்போரில் ஊசி தேடுவது. இந்தியர்கள் தங்கள் மருத்துவ மரபுக்கென்று ஒரு விரிவான பகுப்பு முறையை உருவாக்கினார்கள். அதன் விளைவாகச் சர்வதேசப் பகுப்பிலும் மூலிகைகளுக்குச் சுமார் இருநூறு உட்பிரிவுகள் வந்தன. இதைச் செய்ய எப்படிப்பட்டவர்கள் தேவை? ஒரு சித்த மருத்துவப் பாடலில் வரும் மூலிகைப் பெயர் இன்றைய தாவரவியலில் எந்தச் செடி என்று சொல்லத் தெரிய வேண்டும். ஒரே செடிக்கு வட்டாரத்துக்கு வட்டாரம் பெயர் மாறும், ஒரே பெயர் இரண்டு செடிகளையும் குறிக்கும். பாடலைப் படிக்கத் தமிழ் வேண்டும், செடியை அறியத் தாவரவியல் வேண்டும், தேடுகிறவர் கைக்கு எட்டும்படி வைக்கத் தகவலியல் வேண்டும். தமிழோ தாவரவியலோ மேஜராகவும் தகவலியல் மைனராகவும் படித்த ஒருவர் இந்த மேஜையில் உட்கார்ந்த முதல் நாளிலிருந்தே உதவுவார்.

பெயர் விவகாரம் செடிகளோடு நிற்பதில்லை. ஆங்கில நூலட்டவணையில் ரவீந்திரநாத் 'தாகூர்'. வங்காளியிலும் இந்தியிலும் 'டாகுர்', அதாவது ட-வில் தொடங்கும் வேறொரு சொல். இரண்டும் ஒருவரே என்று யாராவது கட்டிவைக்காவிட்டால், ஒன்றைத் தேடுகிறவருக்கு மற்றதன் கீழ் இருக்கும் புத்தகங்கள் இல்லாதவையே. தன்பத் ராய் என்ற மனிதர் உருதுவில் நவாப் ராய், பிறகு பிரேம்சந்த். சொ. விருத்தாசலம் கதையில் புதுமைப்பித்தன், கவிதையில் வேளூர் வே. கந்தசாமிப் பிள்ளை. குடும்பப் பெயரே இல்லாமல் இன்ஷியலோடு வாழும் தமிழர்களின் பெயர்களை மேற்கத்திய விதிகள் தலைகீழாகத் திருப்பிப்போட்டு, அப்பா பெயரில் பிள்ளையின் புத்தகத்தைச் சேர்த்துவிடுவது இன்னமும் நடக்கிறது. வங்கியிலும் பாஸ்போர்ட் அலுவலகத்திலும் இதற்காக அலைந்தவர்களுக்கு இது ஏட்டுச் சுரைக்காய் என்று தோன்றாது.

வகுப்பறையில் இதைவிடச் சுவாரஸ்யமாக ஒன்றைக் காட்டலாம். உலகில் அதிகமான நூலகங்கள் பயன்படுத்தும் டூயி பகுப்பில் மதத்துக்கு 200 முதல் 299 வரை எண்கள். கிறிஸ்தவமும் விவிலியமும் 220 முதல் 280கள் வரை கை கால் நீட்டிப் படுத்திருக்க, மற்ற மதங்களெல்லாம் 290களுக்குள் ஒண்டுக்குடித்தனம். இந்து மதம் 294.5, இஸ்லாம் 297. ஆங்கில இலக்கியத்துக்கு 820. கம்பனும் இளங்கோவும் 894.811. வரலாறோ சமூகவியலோ மேஜராகப் படிக்கும் மாணவருக்கு, ஒரு காலத்து அமெரிக்காவின் உலகப் பார்வை எண்களாக உறைந்து தன் கல்லூரி அலமாரியில் நிற்கிறது என்று புரியும் கணம் அது. தனியாக ஓராண்டு நூலகப் பட்டம் படிப்பவருக்கு அதே எண்கள் தேர்வுக்கு மனப்பாடம் செய்யவேண்டிய பட்டியல்.

புத்தகங்களை விட்டு அரசாங்கக் கோப்புகளுக்கு வரலாம். 2005இன் தகவல் அறியும் உரிமைச் சட்டம் என்றால் மனு போடுவதும் பத்து ரூபாய்க் கட்டணமும்தான் பலருக்கும் ஞாபகம் வரும். அதன் நான்காவது பிரிவின் முதல் வரியை அதிகம் பேர் கவனித்ததில்லை. ஒவ்வொரு பொது அதிகார அமைப்பும் தன் ஆவணங்கள் அனைத்தையும் முறையாக அட்டவணைப்படுத்தி, பொருளடைவு செய்து வைத்திருக்க வேண்டும் என்கிறது அது. சட்டத்தின் மற்ற கட்டடமெல்லாம் இந்த அஸ்திவாரத்தின்மேல் நிற்க வேண்டியது. நடப்பது என்ன? 'கோப்பு கிடைக்கவில்லை' என்ற ஒற்றை வாக்கியம். அப்படிச் சொல்லிக் கைகழுவ முடியாது, முழுமையாகத் தேட வேண்டும், தேவையானால் விசாரணை நடத்திப் பொறுப்பாளியைக் கண்டறிய வேண்டும் என்று 2013இல் தில்லி உயர் நீதிமன்றம் சொன்னது. ஆனால் கோப்பை ஒளித்தவர்கள் ஒரு பங்கு என்றால், எங்கே வைத்தோம் என்று நிஜமாகவே தெரியாதவர்களும் உண்டு. தாலுகா அலுவலகத்திலும் நகராட்சியிலும் சேரும் குமாஸ்தாக்கள் பெரும்பாலும் கலை, வணிகவியல் பட்டதாரிகள். பட்டப்படிப்பின் ஒரு மூலையிலாவது ஆவணத்தை எப்படி அட்டவணையிடுவது என்று படித்திருந்தால், அவர்கள் தலையில் கொட்டப்படும் கோப்புகளின் கதி வேறாகியிருக்கும்.

இப்போதெல்லாம் எல்லாவற்றையும் கம்ப்யூட்டரே தேடித் தருகிறதே, இது எதற்கு என்று கேட்கலாம். 2023இல் நியூயார்க்கில் இரண்டு வக்கீல்கள் சாட்ஜிபிடி தந்த தீர்ப்புகளை மேற்கோள் காட்டி மனு தாக்கல் செய்தார்கள். அந்த வழக்குகளில் பல உலகத்திலேயே இல்லாதவை. நீதிமன்றம் 5,000 டாலர் அபராதம் போட்டது. அவர்களுக்குச் சட்டம் தெரியும். ஒரு மேற்கோளை அதன் மூலம் வரை போய்ப் பார்க்கும் பழக்கம்தான் இல்லை. இந்தப் பழக்கத்தைச் சொற்பொழிவால் புகட்ட முடியாது. நாற்பது மேற்கோள்களைக் கொடுத்து, எவை நிஜம், எவை போலி, எவை நிஜமானாலும் பக்க எண் தப்பு என்று கண்டுபிடித்து வா என்று அனுப்ப வேண்டும். நூலகத்தில் மாணவர்களின் சட்டையில் தூசி படியட்டும்.

2025 ஜனவரியில் மத்திய அரசு 'ஒரு நாடு ஒரு சந்தா' திட்டத்தைத் தொடங்கியது. மூன்று ஆண்டுக்கு 6,000 கோடி ரூபாய். முப்பது பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 ஆய்விதழ்கள் 6,300க்கும் மேற்பட்ட அரசு உயர்கல்வி, ஆராய்ச்சி நிறுவனங்களுக்குத் திறந்துவிடப்பட்டன. காந்திநகரிலுள்ள இன்ஃப்லிப்நெட் மையம் ஒருங்கிணைக்கிறது. கூகுளில் முதல் பக்கத்தோடு திருப்தியடையும் மாவட்டத் தலைநகர் அரசுக் கல்லூரி மாணவருக்கு, நேற்று வரை கண்ணில் காட்டாத இதழ்களெல்லாம் இன்று மேஜைமேல். கடலைத் திறந்துவிட்டு, நீச்சல் வகுப்பு பற்றி யோசிக்காமல் இருக்கிறார்கள். ஆய்விதழ்கள் பெரும்பாலும் ஆங்கிலம் என்பதும், அரசு உதவி இல்லாத தனியார் கல்லூரிக்காரர்கள் கரையிலேயே நிற்க வேண்டியிருப்பதும் தனிக் கதை.

ஆக, பாடத்தின் தேவை பற்றிச் சந்தேகம் இல்லை. சந்தேகமெல்லாம் அது எந்தக் கோலத்தில் வந்துசேரும் என்பதில்தான். அமெரிக்காவில் இந்தத் துறை ஒரு நெருக்கடியைத் தாண்டி வந்திருக்கிறது. சிராக்யூஸ் பல்கலைக்கழகம் 1974இலேயே பள்ளியின் பெயரிலிருந்து நூலகத்தை எடுத்துவிட்டுத் தகவல் படிப்புகள் என்று வைத்தது. பெருமைக்குரிய சிகாகோ நூலகப் பள்ளி 1989இல் மூடப்பட்டது, கொலம்பியா 1992இல். தப்பிப் பிழைத்தவை தகவல் பள்ளிகளாக மாறி, பிற துறை மாணவர்களுக்குத் துணைப்பாடம் கொடுத்து ஆள் சேர்த்தன. இங்கேயும் பெயர்ப் பலகை மாற்றுவது சுலபம். 'தகவல்' என்ற சொல்லுக்காகவே கம்ப்யூட்டர் அறையில் உட்காரவைத்து, எழுத்தைத் தடிமனாக்குவது எப்படி, அட்டவணையில் கோடு போடுவது எப்படி என்று 24 கிரெடிட்டையும் தீர்த்துவிடக்கூடிய கல்லூரிகள் உண்டு. எதிர்முனையில், ஐந்துக்கு மூன்று அங்குல அட்டையில் எத்தனை எழுத்து உள்ளே தள்ளித் தொடங்க வேண்டும் என்பதை மட்டும் கற்றுத்தரும் பாடத்திட்டமும் உயிரோடிருக்கிறது.

யார் நடத்துவது? நியாயமாகப் பார்த்தால் கல்லூரி நூலகர்தான். பல்கலைக்கழக மானியக் குழுவின் ஊதிய விகிதத்தில் அவர் உதவிப் பேராசிரியருக்குச் சமம், தகுதித் தேர்வும் எழுதியிருக்க வேண்டும். ஆனாலும் அவர் ஆசிரியரா, அலுவலரா என்ற கேள்வி ஓய்வு வயது வரும்போதெல்லாம் கோர்ட் வாசலுக்குப் போகிறது. முழுநேர நூலகரே இல்லாத கல்லூரிகளைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. வேறு வேலை இல்லாத ஏதோ ஒரு துறை ஆசிரியரின் நேர அட்டவணையை நிரப்ப இந்த மைனர் பயன்படுமானால், ஆரம்பிக்காமல் இருப்பதே மேல்.

நூலகப் பட்டம் வாங்கி வேலைக்குக் காத்திருப்பவர்களுக்கும் ஒரு பயம் இருக்கிறது. மைனர் படித்தவர்களை வைத்தே சமாளித்துக்கொள்ளலாம் என்று நிர்வாகங்கள் நினைத்துவிட்டால்? பயம் அர்த்தமற்றதல்ல, குறைந்த சம்பளத்துக்கு ஆள் தேடுபவர்கள் எதையும் நினைப்பார்கள். ஆனால் மைனர் நூலகர் பதவிக்குத் தகுதியாகாது. அதற்கு நூலகப் பட்டமும், கல்லூரிப் பதவியானால் முதுநிலையும் தேவை. இதை மாணவரிடமும் பெற்றோரிடமும் சேர்க்கை நாளிலேயே சொல்லிவிட வேண்டும். மைனர் தரக்கூடியது, மேஜரில் ஏற்கெனவே தேடும் வேலைக்குக் கூடுதல் பலம்: பத்திரிகையின் ஆவணப் பிரிவில், அருங்காட்சியகத்தில், வழக்கறிஞர் அலுவலகத்தில், மருந்துக் கம்பெனியின் காப்புரிமைப் பிரிவில், ஆராய்ச்சி மாணவராக.

விண்ணப்பத்தில் இந்தப் பாடத்தைப் பார்க்கும் மாணவர் கையெழுத்திடுவதற்கு முன் கல்லூரி நூலகத்துக்கு ஒரு நடை போய்வரலாம். அலமாரிக்கு அருகே போக விடுகிறார்களா, கம்பிவலைக்கு இந்தப் பக்கம் நின்று சீட்டு எழுதிக் கொடுக்கச் சொல்கிறார்களா? அட்டவணையில் தன் தாய்மொழிப் புத்தகத்தைத் தாய்மொழி எழுத்திலேயே தேட முடிகிறதா, ஆங்கில எழுத்தில் யாரோ ஊகித்துத் தட்டிய தலைப்பைத் தானும் ஊகிக்க வேண்டுமா? பாடத்திட்டத்தில் தன் மேஜர் துறையின் ஆவணங்களை வைத்துச் செய்யும் செய்முறைப் பணி ஒன்றாவது உண்டா? நூலகரிடமே இதையெல்லாம் கேட்கலாம். மாணவர் ஒருவர் வந்து இப்படிக் கேட்பது அவருக்கும் அடிக்கடி நடக்கிற விஷயமல்ல.